பனிச்சரிவுக்கு முகவரி எழுதியவர்

சுவிட்சர்லாந்து கூட்டரசின் தலைமை வன ஆய்வாளராக இருந்த யோஹான் கோவாட்ஸ் 1914ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 92. அச்சுப்பிழை அல்ல, தொண்ணூற்று இரண்டேதான்.

அந்தப் பதவியில் மட்டும் அவர் 39 ஆண்டுகள் இருந்தார். அதற்கு முன்பு வேறு இரண்டு மாநிலங்களில் வனப்பணி, அதற்கும் முன்பு நிலவரைபடத் துறையில் அளவைப் பணி. இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். ஆல்ப்ஸ் மலைகளில் ஆண்டுதோறும் விழும் பனிச்சரிவுகளை அவர் ஆள் வைத்துக் கணக்கெடுத்தார். எந்தச் சரிவு எங்கே புறப்படுகிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அதுவரை ஒவ்வொரு கிராமமும் தன் தலைக்கு மேல் இருக்கும் சரிவை மட்டும் அறிந்திருந்தது. நாடு முழுவதற்குமான கணக்கு யாரிடமும் இல்லை.

கோவாட்ஸ் பிறந்தது மலையில் அல்ல. 1822 மே 31ஆம் தேதி, கடலுக்கு அருகே சமவெளியில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் கிரவுபுண்டன் மாநிலத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை டச்சுப் படையில் அதிகாரியாக இருந்தார். ஏழை மலைநாட்டு ஆண்கள் வெளிநாட்டுப் படைகளில் சேர்ந்து பிழைத்த காலம் அது. பின்னர் குடும்பம் ஊர் திரும்பியது. கூர் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த கோவாட்ஸ், 1841இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள தாராண்ட் வனவியல் கல்விக்கழகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்தார். அப்போது அவருக்கு நம்மில் பலருடைய வயதுதான்.

படித்தது காட்டைப் பற்றி. முதலில் கிடைத்த வேலையோ வரைபடம் வரைவது. ஜெனரல் டுஃபூர் தலைமையில் சுவிட்சர்லாந்து முழுவதையும் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைபடமாக்கும் பெரும்பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. 1844 முதல் கோவாட்ஸ் அதில் மலைப்பகுதிகளை அளந்தார். 1847இல் சுவிஸ் மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, கூட்டரசுப் படைக்குத் தலைமை ஏற்றவரும் அதே டுஃபூர்தான். கோவாட்ஸ் அவருக்குச் செயலாளராகப் போனார். ஒரு மாதத்திற்குள் முடிந்துவிட்ட போர் அது. முடிந்ததும் அவர் மறுபடி அளவைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார்.

பெர்னினா உச்சியில் மாலை ஆறு மணி

1850 செப்டம்பர் 13. கிழக்கு ஆல்ப்ஸிலேயே மிக உயரமான சிகரத்தில் அதுவரை யாரும் ஏறியதில்லை. உயரம் 4,049 மீட்டர். 28 வயது கோவாட்ஸ் இரண்டு உதவியாளர்களுடன் அதிகாலையில் பெர்னினா கணவாய்ப் பக்கத்து விடுதியிலிருந்து கிளம்பினார். இக்காலத்து மலையேறிகளிடம் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அவர்களிடம் இல்லை. மோர்ட்டராட்ச் பனியாற்றின் நடுவே, பனிக்கட்டிப் பாளங்கள் குழம்பிக் கிடக்கும் ஒரு பகுதியைப் புகுந்து கடந்து, கிழக்கு முகடு வழியாக உச்சியைத் தொட்டபோது மாலை ஆறு மணி ஆகியிருந்தது. இரவு நெருங்கும் நேரத்தில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் நிற்பது நல்ல திட்டமிடல் அல்ல என்று இன்றைய வழிகாட்டி எவரும் கடிந்துகொள்வார். நிலவொளியில் இறங்கினார்கள். விடுதிக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அருகிலுள்ள கணவாயின் பெயரையே சிகரத்துக்கும் சூட்டி, அதைப் பீட்ஸ் பெர்னினா என்று அழைத்தவரும் கோவாட்ஸ்தான்.

மலையேற்ற வரலாற்று நூல்களில் அவர் பெயர் இந்த ஒரு நாளுக்காகவே இடம்பெறுகிறது. ஆனால் எனக்கு அந்த நாளைவிட, அதற்கு முன்பும் பின்பும் அவர் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக அளந்து திரிந்த ஆண்டுகளே முக்கியமாகத் தோன்றுகின்றன. ஒரு மலைச்சரிவின் சாய்வு, திசை, உயரம், ஓடைக்குழி எல்லாவற்றையும் காகிதத்தில் கொண்டுவரப் பழகிய கை அது. அந்தக் கைதான் பிறகு பனிச்சரிவையும் வரைந்தது.

1851இல், 29 வயதில், கிரவுபுண்டன் மாநிலத்தின் வன ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். பனிச்சரிவுக்கும் வனத்துறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலைச்சரிவில் அடர்ந்து நிற்கும் மரங்கள் பனியைப் பிடித்து வைக்கின்றன. கிளைகளில் தேங்கும் பனி கட்டிகட்டியாகக் கீழே விழுவதால், காட்டுக்குள் ஒரே சீரான பனிப்படலம் உருவாவதில்லை. அதனால் அது ஒரு பலகைபோல் மொத்தமாக வழுக்குவதும் அரிது. இதை அறிவியல் சொல்வதற்கு முன்பே மக்கள் அறிந்திருந்தார்கள். ஆண்டர்மாட் ஊருக்கு மேலே இருக்கும் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று 1397ஆம் ஆண்டிலேயே தடை எழுதி வைத்தார்கள். டாவோஸ் பக்கத்தில் ஃப்ரவுவன்கிர்ஹ என்ற ஊரின் தேவாலயத்தைப் பார்த்தால், மலையை நோக்கிய அதன் பின்சுவர் கப்பலின் முகப்பைப்போல் கூராக இருக்கும். வரும் பனி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் போய்விட வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

காலை பதினொரு மணிக்கு எழும் சரிவு

பனிச்சரிவு என்றதும் நம் மனத்தில் வருவது திரைப்படக் காட்சிதான். வெள்ளைத் தூள் மேகம் மலைமீதிருந்து பாய்ந்து வரும். அது நடுக்குளிர்காலத்து உலர் பனி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்கூட எட்டும். கோவாட்ஸ் காலத்து மலைமக்கள் இதைத் தூள் சரிவு என்றார்கள். இன்னொன்றைத் தரைச் சரிவு என்றார்கள். பனி முழுவதும் தரைவரை உரிந்து, மண்ணையும் கல்லையும் வேரோடு மரங்களையும் அள்ளிக்கொண்டு, அழுக்கு நிறத்தில் ஊர்ந்து இறங்கும். இது வசந்த காலத்தின் ஈரப்பனிச் சரிவு.

இதை நம் ஊர்ப் பொருள் ஒன்றைக்கொண்டு விளக்கலாம். ஐஸ் கச்சாங் சாப்பிட்டிருப்பீர்கள். சீவிய பனிக்கட்டிக் குவியலின்மேல் சர்பத்தை ஊற்றும்போது முதலில் ஒன்றும் ஆவதில்லை. குவியல் அதை உறிஞ்சிக்கொண்டு அப்படியே நிற்கும். ஊற்ற ஊற்ற நீர் அடிவரை இறங்கும். தட்டோடு ஒட்டியிருந்த பிடி விட்டுப்போய், ஒரு பக்கம் முழுவதும் சரியும். மலையிலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கிறது.

குளிர்காலத்தில் பனிப்படலத்தின் பெரும்பகுதி சுழியத்துக்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும். அதிலுள்ள பனிமணிகள் ஒன்றோடொன்று உறைந்து இணைந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏற ஏற, படலம் மேலிருந்து அடிவரை சுழியம் பாகை செல்சியசுக்கு வந்துவிடுகிறது. இனி வரும் வெப்பம் முழுவதும் உருகுவதற்கே செலவாகும். உருகிய நீர் முதலில் மணிகளுக்கிடையே தங்கும். பிறகு கீழே கசியும். வழியில் இறுகிய ஓர் அடுக்கையோ வழவழப்பான புல்தரையையோ பாறையையோ சந்தித்தால் அங்கே தேங்கும். மணிகளுக்கிடையிலான இணைப்புகளும் கரைகின்றன. பிடிப்பு ஒரு எல்லைக்குக் கீழே போனதும், யாரும் தொடாமலேயே சரிவு புறப்பட்டுவிடுகிறது.

யாரும் தொடாமலேயே என்பது முக்கியம். இன்று உலர் பனியில் உயிரிழக்கும் பனிச்சறுக்கு விளையாட்டாளர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுகிறார்கள். ஈரப்பனி அப்படி அல்ல. அது பெரும்பாலும் தானாகவே விழுகிறது. ஆகவே எச்சரிக்கையாக நடந்தால் போதும் என்ற கதை இங்கே செல்லாது. எந்த இடம், எந்த நேரம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதே வழி.

அந்த நேரத்தை ஓரளவு கணிக்கவும் முடியும். மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து இறுகிவிடும். விடியற்காலையில் அதன்மேல் நடந்தால் கால் புதையாது. காலையில் முதலில் கிழக்கு நோக்கிய சரிவுகள் இளகும், நண்பகலையொட்டித் தெற்கு, பிற்பகலில் மேற்கு. நிழலில் கிடக்கும் வடக்குச் சரிவுகளின் முறை பல வாரங்கள் கழித்துத்தான் வரும். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தால் பனி இறுகவே இறுகாது. மறுநாள் ஆபத்து காலையிலேயே தொடங்கிவிடும். பனிமீது மழை பெய்தாலும், மலையின் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஃபோன் காற்று வீசினாலும் நேரக் கணக்கெல்லாம் குலைந்துபோகும். சரிவின்மேல் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருண்டு, சக்கரம்போல் பருத்துக்கொண்டே வருவது முதல் அறிகுறி.

வேகம் குறைவு என்பதால் இது லேசானது என்று நினைத்துவிடக் கூடாது. நின்ற இடத்தில் இதன் எடை ஒரு கனமீட்டருக்கு 400, 500 கிலோகிராம் இருக்கும். நின்ற சிறிது நேரத்தில் சிமெண்டுபோல் இறுகிவிடும். பள்ளத்தாக்கின் அடியில் குவிந்த பனி கோடை வரைக்கும் கிடக்க, அதன் அடியில் ஓடை சுரங்கம் குடைந்து ஓடுவது ஆல்ப்ஸில் பழகிப்போன காட்சி.

கோவாட்சுக்குப் பயன்பட்டது ஈரப்பனியின் இன்னொரு குணம். தூள் சரிவு காற்றில் எழும்பி எங்கு வேண்டுமானாலும் பாயும். தரைச் சரிவோ நீரைப்போல் பள்ளம் பார்த்து இறங்கும். ஆண்டுதோறும் அதே ஓடைக்குழி, அதே வாய், ஏறக்குறைய அதே வாரங்கள். பல சரிவுகளுக்கு ஊரார் பெயரே வைத்திருந்தார்கள். டாவோசுக்குக் கீழே ஒரு மலையிடுக்கு முழுவதற்கும் சூகன் என்று பெயர். சரிவுகள் இறங்கும் தடங்கள் என்பதே அதன் பொருள். வழி மாறாமல் வருகிற ஒன்றை வரைபடத்தில் குறிக்கலாம் அல்லவா? இளமையில் மலைகளை வரைந்து பழகியவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

புறப்படும் இடத்திலேயே

அதுவரை மக்கள் கட்டிய தற்காப்பு எல்லாம் கீழே, வீட்டருகே இருந்தது. கோவாட்ஸ் மேலே பார்த்தார். ஓடத் தொடங்கிய பிறகு லட்சக்கணக்கான டன் பனியை நிறுத்த மனிதனால் முடியாது. ஆனால் அது புறப்படும் இடத்தில், இன்னும் அசையாமல் கிடக்கும்போது, பிடித்து வைப்பதற்குப் பெரும் பலம் தேவையில்லை. கீழ் எங்கடின் பள்ளத்தாக்கில் மார்ட்டினா கிராமத்துக்கு மேலே, 1868இல் இந்த எண்ணம் செயலாகியது. சரிவு பிறக்கும் இடத்திலேயே காரை பூசாத கற்சுவர்கள் எழுப்பினார்கள். மரக்கழிகளை வரிசையாக அறைந்தார்கள். இடையே மரக்கன்று நட்டு, அவை வளர்ந்து பொறுப்பை ஏற்கும்வரை சுவர்கள் தாங்க வேண்டும் என்பது திட்டம். ஆல்ப்ஸில் மரக்கோட்டுக்கு அருகே ஒரு கன்று காடாக ஐம்பது, நூறு ஆண்டுகள் எடுக்கும். தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றுக்கு அரசாங்கப் பணம் கேட்டுக் கடிதம் எழுதுவது எளிதான வேலையாக இருந்திருக்காது.

அதே 1868இல் ஆல்ப்ஸில் பெருவெள்ளம் வந்தது. மொட்டையடிக்கப்பட்ட மலைகளே காரணம் என்ற கருத்து நாடெங்கும் வலுத்தது. 1876இல் கூட்டரசு வனச் சட்டம் வந்தது. 1873 முதல் செயின்ட் காலன் மாநிலத்தில் பணியாற்றிவிட்டு, 1875இல் பெர்ன் நகருக்குத் தலைமை வன ஆய்வாளராகச் சென்றிருந்த கோவாட்சின் தலையில்தான் அதை நடைமுறைப்படுத்தும் வேலை விழுந்தது. காட்டின் பரப்பைக் குறைக்கக் கூடாது. காட்டுக்குள் கால்நடை மேய்ப்பதற்கும் கட்டுப்பாடு.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. காட்டில் மேய்ந்தவை பெரும்பாலும் ஆடுகள். மாடு வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு ஆட்டுப்பால்தான் பிள்ளைகளின் உணவு. இளங்கன்றின் நுனியைக் கடித்துத் தின்னும் ஆடு, காட்டின் எதிரி என்பதும் உண்மை. பனிச்சரிவிலிருந்து ஊரைக் காப்பாற்ற, அதே ஊரின் மிக ஏழ்மையான வீட்டிலிருந்து ஆட்டை விலக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கோவாட்சைப் புகழும் பல எழுத்துகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடுகின்றன. சட்டம் தேவைப்பட்டது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் கதையின் ஒரு பகுதிதான்.

ஆயிரக்கணக்கான சிறு குறிப்புகள்

1881இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பனிச்சரிவு பிறக்கும் விதம், வகைகள், தடுக்கும் முறைகள் என எல்லாவற்றையும் நேரடிக் கவனிப்பிலிருந்து எழுதிய முன்னோடி நூல்களில் ஒன்று அது. அடுத்த ஆண்டு கோத்தார்ட் ரயில் பாதை திறக்கப்பட்டது. பனிச்சரிவுப் பாதைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரயில் ஓடத் தொடங்கியதும், இந்த அறிவு கிராமத்தாரின் கவலையாக மட்டும் இல்லாமல் நாட்டின் வருமானத்தோடும் சேர்ந்துவிட்டது.

இந்தக் கவனிப்பை ஒருவரால் செய்ய இயலாது. அவர் மாநிலங்களில் இருந்த வனப் பணியாளர்களைக் கண்களாக்கிக்கொண்டார். தம் பகுதியில் இறங்கும் சரிவுகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஆண்டுதோறும் வருவதா, அரிதாக வருவதா என்று எழுத வேண்டும். என்ன சேதம் என்று கணக்குத் தர வேண்டும். பெரிய கல்வித்தகுதி எதுவும் இல்லாத காட்டுக் காவலர்கள், வேலையோடு வேலையாக எழுதி அனுப்பிய துண்டுக் குறிப்புகள் பெர்ன் நகரில் குவிந்தன. 1887-88 குளிர்காலத்தில் அது சோதனைக்கு வந்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெரும்பனி கொட்டி, சரிவுகள் அலை அலையாக விழுந்தன. ஆட்களும் கால்நடைகளும் வீடுகளும் காடுகளும் போயின. அடுத்த ஆண்டே கோவாட்ஸ் அந்தக் குளிர்காலத்துக்கும் வசந்த காலத்துக்குமான சேத அறிக்கையை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் அதில் பதிவாகியிருந்தன.

பெருந்தொகுப்பு 1910இல் வந்தது. சுவிஸ் ஆல்ப்ஸின் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் அதில் அடங்கின. அப்போது அவருக்கு வயது 88. கணினி இல்லை, வானிலிருந்து எடுத்த படமும் இல்லை.

அவரால் முடியாததும் இருந்தது. பனிப்படலத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை. அடுக்குகளைத் தோண்டி, மணிகளின் வடிவத்தையும் வெப்பநிலையையும் ஆராயும் பனி அறிவியல் 1930களில், டாவோசுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் ஆய்வுக்கூடத்தில்தான் வேர்விட்டது. அவர் நம்பிய கற்சுவர்களும் பெரும்பனிக் காலங்களில் நிரம்பி மூடிப்போயின. 1951இல் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். அதன் பிறகு கல்லின் இடத்தை எஃகுத் தடுப்புகளும் வலைகளும் பிடித்தன. ஆனால் அவையும் சரிவு புறப்படும் இடத்திலேயேதான் நிற்கின்றன.

கடைசி ஆண்டுகளில் அவர் மனம் மீண்டும் எங்கடின் பக்கம் போனது. 1905இல் தாவரவியலாளர் கார்ல் ஷ்ரோட்டருடன் சேர்ந்து ஸ்சார்ல் பள்ளத்தாக்கின் காடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த வட்டாரத்தில், 1914 ஆகஸ்ட் முதல் தேதி, ஆல்ப்ஸ் மலைகளின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. மரத்தை மனிதன் நட்டுக் காக்க வேண்டும் என்று அறுபது ஆண்டுகள் உழைத்தவர், மனிதன் எதையும் தொடாத ஒரு காட்டுக்கும் துணை நின்றார். 1918 ஆகஸ்ட் 18ஆம் தேதி கூர் நகரில், 96 வயதில் காலமானார்.

பெர்னினா மலைத்தொடரில் ரோசெக் பனியாற்றுக்கு மேலே, 2,610 மீட்டர் உயரத்தில், சுவிஸ் ஆல்பைன் கழகத்தின் தங்குகுடில் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. வசந்த காலத்தில் அங்கே தங்கும் பனிச்சறுக்குப் பயணிகள் விடிவதற்கு முன்பே, பனி இறுகியிருக்கும்போதே கிளம்பிவிடுகிறார்கள். சரிவுகள் இளகத் தொடங்குவதற்குள் குடிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிற்பகலில் வெளியே அமர்ந்து, எதிர்மலையின் எந்தக் குழியிலிருந்து எது இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.